மக்காச்சோளம் போடாமலே மக்காச்சோள மானியம் வருமா?

வயல்வரப்பு: அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஒரு கவுன்ட்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) விவசாய மானிய லிஸ்ட் பாத்துட்டிருந்தேன், ஒருத்தர் முழுக்க சோயாதான் போட்டிருக்கார் ஆனா மக்காச்சோளத்துக்கும் சேத்து பணம் வாங்கியிருக்கார். எப்படிங்க இது?

களத்துமேடு: அதுக்குப் பேரு பேஸ் ஏக்கர். பழைய சாகுபடிக் கணக்க வச்சு, இந்தப் பயிருக்கு இத்தனை ஏக்கர்னு நிலத்துக்குப் பதிஞ்சு வச்சது, இப்ப என்ன விதைக்கிறோம்ங்கிறது கணக்கே இல்ல. 2014 ஃபார்ம் பில்லுல, அதாவது அமெரிக்க விவசாயச் சட்டத்துல, பிஎல்சி (விலை இழப்புக்கு), ஏஆர்சி (வருமான இழப்புக்கு)ன்னு ரெண்டு திட்டம் வந்துச்சு. பிஎல்சில ரெஃபரன்ஸ் விலைன்னு சட்டத்துலயே ஒரு விலை வச்சிருக்கும், மக்காச்சோளத்துக்கு அப்ப புஷலுக்கு (அங்க தானியம் அளக்குற அளவு) 3.70 டாலர், சந்தை விலை அதுக்குக் கீழ போனா வித்தியாசத்த 85% பேஸ் ஏக்கருக்குக் குடுப்பாங்க. விலை ஏறிட்டா ஒரு பைசா வராது. ஏஆர்சில வருமானம் குறைஞ்சாதான் பணம்.

வயல்வரப்பு: ஓ சரி சரி. அப்ப நிலம் குத்தகைக்கு விட்டா பணம் யாருக்கு?

சோளக்கொல்லை: ரொக்கக் குத்தகைன்னா உழுறவருக்கு, விளைச்சல்ல பங்கு குடுக்குற வாரக் குத்தகைன்னா ரெண்டு பேருக்கும் பங்கு. ஆனா பணம் வந்ததும் அடுத்த வருஷம் குத்தகைய ஏத்திருவாங்க, எங்களுக்கு அதான் நடந்துச்சு, கடைசில நிலத்துக்காரர் பைக்குத்தான் போகுது. அதுவும் அறுத்த உடனே வராது, அடுத்த வருஷம் அக்டோபர்லதான், அதுக்குள்ள உரக்கடை பாக்கிக்கு வட்டியே ஏறிரும்.