சிரியஸைக் காட்டினால் விருச்சிகம் என்கிறது: இந்தக் கைக்கருவிக்கு என்ன கோளாறு?

மாடிப்பையன் | 15-02-2026, காலை 7.10

வணக்கம். வானம் பார்க்க இப்பத்தான் பழகறேன். அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்த மாமா ஒரு பழைய கருவியைக் கொடுத்தாரு. சின்ன வீடியோ கேமரா அளவு. அது வழியா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து பட்டனை அமுக்கினா பேரைச் சொல்லணும். பேரை நாம கொடுத்தா, அம்புக்குறி காட்டி அங்கே கூட்டிட்டுப் போகணும். உள்ளே ஜிபிஎஸ், திசைகாட்டி, சாய்வு சென்சார் எல்லாம் இருக்கு.

நேத்து ராத்திரி எட்டு மணி, மொட்டைமாடி, காங்கேயம் பக்கம். சிரியஸைப் பார்த்து அமுக்கினேன். விருச்சிகத் தலைப் பக்கத்து நட்சத்திரமா வரிசை கட்டுது. ஓரியனோட (வேட்டைக்காரன் உருவத்து நட்சத்திரக் கூட்டம்) இடுப்புப் பட்டையைக் காட்டினா கன்னி ராசிங்குது. வியாழனைத் தேடுன்னு சொன்னா ஓரியன் காலுக்குக் கீழே ஒண்ணுமில்லாத இடத்துல போய் நிக்குது. வியாழனோ வடகிழக்குல பளபளன்னு என் கண்ணு முன்னாடியே இருக்கு! ரிப்பேருக்குக் கொடுக்கலாமா, இல்ல பரண்தானா?

தண்டவாளம் | காலை 8.02

நிக்கற இடத்தைப் பாருங்க. தண்ணித் தொட்டி ஸ்டாண்டு, இரும்புக் கைப்பிடி, தூண்ல நீட்டிட்டு இருக்கிற கம்பி, எல்லாமே திசைகாட்டியைக் கெடுக்கும். போன் சட்டைப் பையில இருந்தாலும் அதே கதிதான், ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு. தள்ளி நின்னு, கருவியை எட்டு போடற மாதிரி சுத்திட்டுப் பாருங்க.

மாடிப்பையன் | காலை 8.40

எல்லாம் பண்ணியாச்சு அண்ணே. தெருவுல இறங்கி நின்னும் பார்த்தேன். அதே விருச்சிகம்.

சுவாதி அக்கா | காலை 10.15

தம்பி, திசைகாட்டி தப்பினா பக்கத்து நட்சத்திரத்தைச் சொல்லும், பருவத்தையே மாத்தாது. பிப்ரவரி ராத்திரி எட்டு மணிக்கு விருச்சிகம் எங்கே இருக்கு? அடிவானத்துக்குக் கீழே. நடுராத்திரி தாண்டித்தான் எழும். ஓரியன் மேற்கே இறங்கற நேரத்துலதான் அது கிழக்கே ஏறும். அப்படின்னா உன் கருவி வேற ஏதோ மாசத்து வானத்தை வெச்சுக்கிட்டுப் பேசுது. திரையில என்ன தேதி காட்டுதுன்னு பார்த்தியா?

மாடிப்பையன் | காலை 10.31

நேத்து 07/01/2006-ன்னு இருந்துச்சு அக்கா. பழசுதானே, ஜனவரி 7-னு ஏதோ காட்டுதுன்னு விட்டுட்டேன். ஊர் சரியா காட்டுது, மணியும் சரி. ஜிபிஎஸ்ல இருந்து தானே எடுத்துக்குதாம்.

சுவாதி அக்கா | காலை 11.05

அமெரிக்கக் கருவி, மாசம்தான் முன்னாடி வரும். அது ஜூலை 1, 2006. காலண்டரைப் பார்த்துட்டேன்: அன்னிக்குச் சனிக்கிழமை. நேத்தும் சனிக்கிழமை. ரெண்டுக்கும் நடுவுல 7168 நாள், அதாவது சரியா 1024 வாரம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தேதியை அப்படியே அனுப்பாது. 1980 ஜனவரி 6-ல இருந்து எத்தனையாவது வாரம்னு ஒரு எண்ணை அனுப்பும். அந்தப் பழைய சிக்னல்ல அதுக்கு 10 பிட்தான் இடம். 1023 வந்ததும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டுல ஒரு தடவை இப்படிச் சுத்துச்சு, 2019 ஏப்ரல்ல இன்னொரு தடவை. எந்தச் சுத்துல இருக்கோம்னு தெரியாத பழைய கருவி பத்தொன்பதரை வருஷம் பின்னாடி போயிடும். வாரக் கணக்கு மட்டும் தப்புறதால கிழமையும் மணியும் மாறாது. அதனாலதான் உனக்குச் சந்தேகம் வரல.

2006 ஜூலையில வியாழன் துலாத்துல இருந்துச்சு, இப்ப மிதுனத்துல. பாவம், கருவி அந்த வருஷத்துக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கு.

மெனுவுல ஜிபிஎஸ்ஸை அணைச்சுட்டு, தேதி, மணி, இடம் மூணையும் நீயே போடு.

மாடிப்பையன் | 15-02-2026, இரவு 8.50

அக்கா!! சிரியஸ்னு சொல்லிடுச்சு! ஆனா வியாழனைத் தேடினா அம்புக்குறி கொஞ்சம் கிழக்கே தள்ளி நிக்குது. கையை நீட்டி முஷ்டி பிடிச்சா முக்கால் முஷ்டி இருக்கும். மத்த நட்சத்திரமும் அதே பக்கம்தான் தள்ளுது.

சுவாதி அக்கா | இரவு 9.04

முஷ்டின்னா சுமார் பத்து டிகிரி. நேர மண்டலம் என்ன வெச்சே? நம்ம நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னாடி, அந்த ஐந்தரை கொடுக்க முடிஞ்சுதா?

மாடிப்பையன் | இரவு 9.07

அரை இல்லக்கா. 5, 6-னு முழு மணிதான் வருது. ஆறு வெச்சேன்.

சுவாதி அக்கா | இரவு 9.11

அதேதான். வானம் மணிக்கு 15 டிகிரி நகரும், அரை மணிக்கு ஏழரை. ஆறுலயே விட்டுட்டு கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளி வை. எட்டு மணின்னா எட்டரை.

தண்டவாளம் | இரவு 9.20

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பேட்டரியைச் சுத்தி மெல்லிசா ஒரு தகட்டு உறை இருந்துச்சா? சில கருவியில தருவாங்க. பேட்டரியோட எஃகு உடம்பு பக்கத்துலயே இருக்கிற திசைகாட்டியை இழுக்காம இருக்க அது.

மாடிப்பையன் | இரவு 9.24

ஐயையோ. துருன்னு நினைச்சு நேத்து எடுத்து வெளியே வெச்சேன். நல்லவேளை, குப்பைக்குப் போகல, ஜன்னல்லயே இருக்கு.

மாடிப்பையன் | 16-02-2026, காலை 6.55

உறையை மாட்டி, கடிகாரத்தைத் தள்ளி வெச்சு, எட்டுப் போட்டுப் பார்த்தேன். வியாழன் வட்டத்துக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. பக்கத்து வீட்டு பைனாகுலரைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளி, நிலாக்கள்னு நினைக்கிறேன்.

மாமாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "அஞ்சாறு வருஷமா தப்புத்தப்பா சொல்லுதுன்னுதான்டா உன் தலையில கட்டினேன்"ங்கறாரு. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறாராம்.