பகலில் எடுத்த காட்சியை இரவாக்க ஆலோசனை தேவை

வணக்கம். இராமநாதபுரம் கடலோரத்தில் நாங்கள் எடுத்துவரும் குறும்படத்தில், கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனைத் தேடி ஒரு பெண் நள்ளிரவில் தனுஷ்கோடி மணலில் நடக்கும் காட்சி வருகிறது. மாலைக்குப் பின் அங்கே வெளியாட்களை இருக்க விடுவதில்லை என்பதால், பகலிலேயே எடுத்து இரவாக மாற்ற வேண்டியுள்ளது.

வெளிச்சத்தைக் குறைத்துப் பதிவு செய்து நீலச் சாயல் ஏற்றும் பழைய முறைதான். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பைவிட நீலத்தையே எளிதாக உணரும் என்பதால் அது ஓரளவு நம்பும்படி அமையும். ஆனால் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை நுரை பளிச்சென்று வெளுத்துவிடுகிறது. 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரின் கூர்மையான நிழலோ வெயிலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கனவு போலிருக்க வேண்டிய காட்சி, கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்த பகலாகவே நிற்கிறது.

வானத்தைச் சட்டகத்திலிருந்து விலக்கி, சூரியனுக்கு எதிர்முகமாகக் கேமராவை வைப்பது நல்லதா, அல்லது சூரியன் மறைந்தபின் சில நிமிடங்களே கிடைக்கும் நீல ஒளிக்காகப் பாம்பனின் வடகரையில் காத்திருப்பதா? அவள் கையிலுள்ள அரிக்கேன் விளக்கின் மஞ்சள் நிறம் நீலத்தில் கரைந்துவிடாமல் எப்படிக் காப்பது என்பதையும், கடற்கரையில் இவ்வாறு படமெடுத்த அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.