குப்புறப் படுத்தவர் பேச ஆரம்பித்தால்

கடை அக்கா

மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பசாருக்குப் பின்னால் சின்னதாக ஒரு மசாஜ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை, ஒரு காற்றாடி. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தோட்டத்தில்தான் வேலை. செம்பனைக் குலை அறுக்கிறவர்களின் தோள் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து, நீளக் கழியில் கட்டிய அரிவாளை இழுத்து இழுத்து, கழுத்திலிருந்து தோள்பட்டை வரை கல்லாக இறுகிக் கிடக்கும். அதை இளக்கத் தெரியும். அதற்குள்ளிருந்து சில சமயம் வரும் பேச்சை என்ன செய்வது என்றுதான் எனக்கு வெகுநாள் தெரியாமல் இருந்தது.

2022-இல் நடந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்து கடையை மறுபடி திறந்திருந்த நேரம். லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் மாதம் இரண்டு முறை வருவார். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை வந்தவர், எப்போதோ வைத்த 30 வெள்ளி பாக்கியை முதலில் எடுத்துக் கொடுத்தார். நான் மறந்தே போயிருந்தேன். உயிராக வளர்த்த சேவலைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். குப்புறப் படுத்த பிறகு, "இனிமே ஒரு பாரமும் இல்ல தங்கச்சி" என்றார். பல மாதமாக முகம் வாடிக் கிடந்த மனுஷன் தெளிந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். "நல்லதுண்ணே, இப்படித்தான் இருக்கணும்" என்றேன். இதைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

அந்த வாரமே அவர் மருத்துவமனையில். பிழைத்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் விபத்து என்றே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது தற்கொலைக்கு முயன்றாலே குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2023-இல்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். படுக்கையில் கிடப்பவரைப் போலீஸ் வந்து கேட்கும் என்றால் எந்தக் குடும்பம் வாயைத் திறக்கும்?

அதற்குப் பிறகுதான் ஈப்போவில் இரண்டு நாள் மனநல முதலுதவி வகுப்புக்குப் போனேன். 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்னர், டோனி ஜோர்ம் என்ற கணவன் மனைவி ஆரம்பித்தது. அந்த அம்மா தாதி, மனச்சோர்வைத் தானே அனுபவித்தவர். கணவர் மனநல ஆய்வாளர். கையில் வெட்டுப்பட்டால் டாக்டரிடம் போய்ச் சேரும்வரை துணியால் இறுக்கிப் பிடிக்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும். வைத்தியம் பார்ப்பது நம் வேலை இல்லை. உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்த்து, காது கொடுத்து, சரியான கையில் ஒப்படைக்கும்வரை கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் எனக்குத் தொண்டையில் சிக்கியது ஒரே ஒரு விஷயம். "சாகணும்னு தோணுதாண்ணே?" என்று நேராகக் கேட்க வேண்டுமாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகாதா என்று எழுந்து கேட்டேன். ஆகாது என்றார்கள். கேட்கப்பட்டவருக்கு அதுவரை அடைத்து வைத்திருந்ததைச் சொல்ல ஒரு வாசல் கிடைக்கிறதாம். பாக்கியை எல்லாம் தீர்ப்பது, பிரியமானதைத் தூக்கிக் கொடுப்பது, நெடுநாள் தவித்தவரிடம் திடீரென்று வரும் அமைதி இவையெல்லாம் அடையாளங்கள் என்று பலகையில் எழுதினார்கள். எனக்குச் சேவல்தான் ஞாபகம் வந்தது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஜிம் தம்பி

அக்கா, கோபப்படாதீங்க. நான் ஒரு மணி நேரத்துக்கு 60 வெள்ளி வாங்குகிறேன். கெண்டைக்கால் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு, பந்து விளையாடி விழுந்த கால், இதுதான் என் வேலை. வருகிறவர்களின் கதையையும் நாமே சுமந்தால் நம் முதுகை யார் தேய்ப்பது? ஏதாவது தப்பாகச் சொல்லி, நாளைக்கு அவர் ஒன்று செய்துகொண்டால் பழி நம் தலையில் விழும். பேச்சை மாற்றிவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

பேறுகால அம்மா

தம்பி, பேச்சை மாற்றிப் பார்த்தவள்தான் நானும்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீடு வீடாகப் போய் எண்ணெய் தேய்த்து, வயிற்றுக்குத் துணி கட்டி, வெந்நீர் ஊற்றிவிடுகிறேன். என் மாமியார் தோட்டத்து மருத்துவச்சி. லயத்து வீடுகளில் அவர் பின்னால் தைலப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கற்றுக்கொண்ட வேலை. இப்போது தோட்டம் போய்த் தாமான் வீடுகள் வந்துவிட்டன, லேகியம் பாக்கெட்டில் வருகிறது. பிள்ளை பெற்றவள் அழுதால் வீட்டில் சொல்வது மட்டும் மாறவில்லை. மாமியார் "திமிர்" என்பார், பாட்டி "காத்துக்கருப்பு" என்பார், ரொம்ப முற்றினால் "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்பார்கள். 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை அது, நம் ஊருக்குப் பக்கம்தான். அந்த ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அங்கே போய்க் குணமாகி வந்தவர்களுக்கு அது காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

சில வருடத்துக்கு முன் ஒரு பெண். முதல் பிரசவம், பத்தாவது நாள். வயிற்றில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளை தொட்டிலில் கத்துகிறது, இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று ராத்திரியாகக் கண்ணை மூடவில்லை என்றார்கள். கண்ணில் தூக்கமும் இல்லை, களைப்பும் இல்லை, ஒரு மாதிரி மினுமினுப்பு. மெதுவாக என் கையைப் பிடித்து, "பாட்டி, இது என் பிள்ளை இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

அதற்கு முன்னால் இப்படி ஒருத்தி பேசியபோது, "சும்மா இரு, மூக்கு அப்படியே உங்கப்பன் மூக்கு" என்று சிரித்துப் பேச்சை மாற்றியிருக்கிறேன். அதன் பின் நடந்ததை இங்கே எழுத மனம் வரவில்லை.

இந்த முறை அவளோடு வாதாடவில்லை. "அப்படி நினைச்சா பயமாத்தானே இருக்கும்" என்றேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. "உன் நல்லதுக்கு ஒருத்தர்கிட்ட சொல்லணும்மா, உனக்குத் தெரிஞ்சே சொல்றேன்" என்று அவள் புருஷனைக் கூப்பிட்டேன். பிள்ளையை இவளிடம் தனியாக விடாதே, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, நாளைக்கு என்று தள்ளாதே என்றேன். அந்த வீட்டுப் பாட்டிக்கோ கோவிலுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். "கோவிலுக்கும் போங்க, கயிறும் கட்டுங்க, முதல்ல டாக்டர்" என்றேன். சாமியோடு சண்டை போட்டு ஒரு பெண்ணையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது, இது நான் கண்ட பாடம். சில வாரம் வார்டில் இருந்தாள். இப்போது அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போகிறது.

எல்லா அழுகையும் இப்படி இல்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பலருக்கும் உண்டு. தூங்கவிட்டு, சாப்பாடு கொடுத்து, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டாலே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதற்குப் பத்துக் கேள்வி கொண்ட தாள் ஒன்று இருக்கிறது. அதில் கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. வீட்டுக்கு வரும் தாதி மிஸ்ஸியிடம் தயங்காமல் சொல்லுங்கள். தூக்கமே இல்லாமல், ஏதோ குரல் கேட்கிறது, பிள்ளை என்னுடையது இல்லை என்றெல்லாம் பேசினால் அது அவசரம். ரத்தப்போக்குக்கு எப்படி ஓடுவோமோ அப்படி ஓட வேண்டும்.

இன்னொன்று. தேய்க்கும்போது அழுதால் நான் கையை எடுக்கமாட்டேன். எடுத்தால், இவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி

வணக்கம். எனக்குப் பார்வை இல்லை. நீங்கள் எழுதியதைக் கைப்பேசி வாசித்துக் காட்டியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் படித்து, அங்கேயே பல வருடம் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன்.

அம்மா சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, மன்னிக்கணும். எல்லோருக்கும் தொடுவது ஆறுதல் இல்லை. சிலருக்கு யாரோ தொட்டதுதான் காயமே. நான் அழுத்துவதை நிறுத்திவிடுவேன். துணியை இழுத்து மூடுவேன். கட்டிலை விட்டு நகரமாட்டேன். "நிறுத்தட்டுமா, இப்படியே இருக்கட்டுமா, எழுந்து உட்காரணுமா?" என்று கேட்பேன். பதில் வரும்வரை காத்திருப்பேன். அந்த அமைதி நமக்குத்தான் நீளமாகத் தெரியும்.

என்னிடம் ஆட்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை என்பது அவர்களுக்குத் தைரியம். அவர்களுக்குத் தெரியாதது, மூச்சு எனக்குக் கேட்கிறது என்பது. பொய்ச் சிரிப்புக்கு முன்னால் மூச்சு ஒரு கணம் நிற்கும்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பையன் வந்தான், வயது இருபதுக்குள் இருக்கும். முன்கையில் எண்ணெய் போடும்போது விரலில் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. சீப்புப் பல் மாதிரி, ஒரே இடைவெளியில். கை தானாக நின்றுவிட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது, உடம்பு இறுகியது. முன்பு என்றால் "என்னடா இது, யார் மேல கோபம்?" என்று கேட்டிருப்பேன், இல்லை ஒன்றும் தெரியாத மாதிரி தாண்டிப் போயிருப்பேன். அன்று, "இந்த இடத்துல கை வைக்கலாமா, விட்டுடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். "விட்டுடுங்கண்ணே" என்றான். விட்டுவிட்டு அடுத்த கைக்குப் போனேன்.

முதுகு முடியும் நேரத்தில் அவனே, "அது பழசுண்ணே" என்றான். "சரிப்பா. இப்பவும் தோணுதா?" என்றேன். எப்போதாவது என்றான். சாக வேண்டும் என்றா, வேறு மாதிரியா என்று நேராகவே கேட்டேன். சாக இல்லை, தலைக்குள் சத்தம் நிற்கணும், அதற்கு என்றான். இரண்டும் ஒன்றில்லை, ஆனால் கேட்காமல் எது என்று தெரிந்துகொள்ள முடியாது. யாரிடமாவது இதைச் சொன்னதுண்டா என்றேன். இல்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்றான். அரசாங்க கிளினிக்கில் பதிவு 1 வெள்ளிதான், மனசு சரியில்லை என்று சொன்னால் தாள் கொடுத்து சில கேள்வி கேட்பார்கள், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். போனானா தெரியாது. மறுமாதம் வந்தான். அது எனக்குப் போதும்.

பேறுகால அம்மா

தம்பி, நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுக் கையை வைக்கிறேன். பழக்கம் மாற நாளாகும்.

ஜிம் தம்பி

நான் முதலில் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். போன வருடம், கட்டிலின் துளையில் முகத்தை வைத்துப் படுத்திருந்த ஒருவர் திடீரென்று துள்ளி எழுந்து, மூச்சு முட்டுது, நெஞ்சு அடைக்குது, செத்துடுவேன் போலிருக்கு என்று நடுங்கினார். எனக்குக் கை கால் ஓடவில்லை. முதுகைத் தட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், "ரிலேக்ஸ் ரிலேக்ஸ்" என்று கத்தினேன். என் கத்தலில் அவருக்கு இன்னும் கூடியது. பத்து நிமிடம் போல ஆனதும் தானாக அடங்கியது. அது என்ன, நான் என்ன செய்திருக்கணும்?

கடை அக்கா

அது பீதித் தாக்குதலாக இருந்திருக்கலாம் தம்பி. ஆனால் மாரடைப்பும் அப்படியே தெரியும். அதனால் முதல் கேள்வி: "இதுக்கு முன்னால இப்படி வந்திருக்கா? டாக்டர் பார்த்து இது என்னன்னு சொல்லியிருக்காரா?" இல்லை என்றாலோ சந்தேகம் என்றாலோ அவசர எண் 999-ஐக் கூப்பிட வேண்டும். நாமாகப் பீதி என்று முடிவு கட்டக்கூடாது. தெரிந்த ஒன்றுதான் என்றால், உட்கார வைத்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லி, நம் குரலை இறக்கி, "பயமாத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்துல குறையும், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு, நாமும் மெதுவாக மூச்சு விட வேண்டும். நம் மூச்சைப் பார்த்து அவர் மூச்சும் இறங்கும். அமைதியாக இரு என்று அதட்டி யாரும் அமைதியானதில்லை. குப்புறப் படுப்பதே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்த முறை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பாருங்கள்.

சுமை பற்றிக் கேட்டீர்களே, அது நியாயம். எனக்கும் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. அதனால் பெயரும் அடையாளமும் சொல்லாமல், கூட வகுப்புக்கு வந்த ஒருத்தியிடம் மாதம் ஒரு தடவை பேசுகிறேன். ஊருக்குள் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். இது சின்ன ஊர். பசாரில் தும்மினால் தோட்டத்தில் தெரியும். ஒருத்தர் கதை என் கடையிலிருந்து வெளியே போனால், அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

மனசு கஷ்டத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டுப் பேசும் இரண்டு எண்களைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். சீட்டைக் கையில் திணிப்பதைவிட, "இப்பவே என் போன்ல கூப்பிடுவோமா, நான் வெளியே நிக்கிறேன்" என்றால் அதிகம் பேர் சம்மதிக்கிறார்கள். வீட்டில் புல்லுக்கு அடிக்கும் மருந்து இருக்கிறதா என்றும் கேட்பேன். இருந்தால், கொஞ்ச நாளைக்கு அண்ணன் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்வேன்.

லோரி அண்ணன் இப்போதும் வருகிறார். முதல் தடவை திரும்பி வந்தபோது, "அன்னிக்கு நான் கேட்டிருக்கணும்ணே, கேக்கத் தெரியல" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். இப்போதெல்லாம் அவர் கட்டிலில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். சில நாள் "பரவால்ல", சில நாள் "இன்னிக்கு கொஞ்சம் கஷ்டம்தான் தங்கச்சி". போன மாதம் அவரே முந்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் சேவலைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன் என்கிறான் என்று புகார் சொன்னார்.