தொப்பையாறும் டோப்போடூல்ஸும்: இன்ஸ்டால் செய்த அனுபவங்களைப் பகிருங்கள்

தொப்பூர்க்காரன்

ஆற்றின் நெடுக்குவெட்டு, சரிவு, நீர்ப்பிடிப்பு எல்லை எல்லாம் கணக்கிட எல்.எஸ்.டி. டோப்போடூல்ஸ் என்ற மென்பொருளை இன்ஸ்டால் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் தொப்பையாறு சேர்வராயன் மலையில் பிறந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. வருடத்தில் பாதி நாள் மணலும் பாறையும்தான் கண்ணில் படும். சின்ன வயதிலிருந்து துண்டு துண்டாகப் பார்த்த ஆற்றை முழுசாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் முதுகலை ஆய்வேட்டுக்கு அதை எடுத்தேன்.

டோப்போடூல்ஸ் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இலவசக் கருவி. கணக்குப் போடுவது சி++ நிரல். தரவை இறக்குவதும் படம் வரைவதும் எல்.எஸ்.டி. விஸ்டூல்ஸ் என்ற பைத்தான் பேக்கேஜ். இது புரியாமல் முதல் இரண்டு நாள் வீணாயிற்று. ஏற்கெனவே இருந்த பைத்தானில் பிப் (பைத்தான் பேக்கேஜ் ஏற்றும் கருவி) வைத்தே எல்லாவற்றையும் ஏற்றப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வரைபடத் தரவுக் கோப்புகளைப் படிக்கும் ஜிடாலில் வந்து நின்றது. 'ஜிடால்-கான்ஃபிக்' கிடைக்கவில்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் ஓடும். பிப் கொண்டுவருவது ஜிடாலைப் பைத்தானிலிருந்து கூப்பிடும் மேல்பகுதி மட்டும்தான். அடியில் இருக்க வேண்டிய சி++ நூலகம் மெஷினில் முன்பே இருக்க வேண்டும், பதிப்பும் பொருந்த வேண்டும்.

அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸுக்குள் டபிள்யூ.எஸ்.எல். வழியாக லினக்ஸ் போட்டு, மினிஃபோர்ஜ் (காண்டா என்ற பேக்கேஜ் மேலாளரைக் கொண்டுவரும் தொகுப்பு) ஏற்றி, இதற்கென்றே தனி என்விரான்மென்ட் உருவாக்கினேன். அதன் பேக்கேஜ் கிடங்கான காண்டா-ஃபோர்ஜிலிருந்து ஒரே கட்டளையில் டோப்போடூல்ஸ், ஜிடால், அதைப் பைத்தானில் எளிதாகப் பயன்படுத்த உதவும் ராஸ்டரியோ மூன்றையும் கேட்டேன். ஒன்றாகக் கேட்டால்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் பதிப்புகளை அது தேடி எடுக்கும். விஸ்டூல்ஸை மட்டும் கடைசியில் பிப்பால் ஏற்றினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

உயரத் தரவு எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்தது. இன்று சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது வருவது அட்சரேகை, தீர்க்கரேகையில். உயரம் மீட்டரில், தூரம் டிகிரியில் இருந்தால் சரிவுக் கணக்கு அபத்தமாக வரும். அதனால் உலகை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம்.முக்கு மாற்றி, பி.ஐ.எல். என்ற கோப்பு வடிவத்தில் சேமித்துத்தான் டோப்போடூல்ஸுக்குக் கொடுக்க வேண்டும். இங்கே நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. யு.டி.எம். மண்டலம் 43-க்கும் 44-க்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. அந்தக் கோடு ஏற்காட்டுக்கும் மேட்டூருக்கும் நடுவில் போகிறது. என் ஆற்றின் தலை 44-இல், கால் 43-இல்! எஸ்.ஆர்.டி.எம். கோப்பும் அதே கோட்டில்தான் இரண்டாகப் பிரிகிறது. இரண்டையும் ஒட்டி, முழுவதையும் 44-க்கே மாற்றினேன். எல்லைக்குச் சற்று அப்பால் போவதால் வரும் பிழை இந்த அளவு வேலைக்கு ஒரு பொருட்டில்லை.

எல்லாம் சரியாக ஓடியது. எர்ரர் ஒன்றும் இல்லை. படத்தைத் திறந்தால் காவிரியையே காணோம்! ஓடைகள் இருக்கின்றன, தொப்பையாறு இருக்கிறது, இருப்பதிலேயே பெரிய ஆறு இல்லை. மறுபடி இன்ஸ்டால் செய்யக்கூடக் கிளம்பிவிட்டேன். காரணம் வேறு. நான் வெட்டி எடுத்த சதுரத்துக்கு வெளியே, குடகிலிருந்து காவிரிக்குத் தண்ணீர் வருவது கணினிக்குத் தெரியாது. படத்தின் விளிம்பைத் தொடும் ஆற்றுக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு தப்பாக வரும் என்பதால், விளிம்பால் பாதிக்கப்பட்ட வடிநிலத்தை டோப்போடூல்ஸ் தானாகவே நீக்கிவிடுகிறது. அளவுருக் கோப்பில் அந்தச் சோதனையை அணைக்க வழி உண்டு. அணைக்காதீர்கள். முழு வடிநிலமும் உள்ளே வரும்படி படத்தைப் பெரிதாக எடுங்கள்.

வரைபடப் பைத்தியம்

எனக்கு இன்ஸ்டால் முடிந்த பிறகு வந்தது தொல்லை. எந்தக் கோப்பைத் திறந்தாலும் ப்ரோஜ் (ஆயத்தொலை முறைகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நூலகம்) தரவுத்தளம் பழையது, வேறு இன்ஸ்டாலேஷனிலிருந்து வருகிறது என்ற செய்தி. முன்பு போட்ட ஒரு தரவுத்தள மென்பொருள் 'ப்ரோஜ்-லிப்' என்ற சூழல் மாறியைத் தன் ஃபோல்டருக்குத் திருப்பி வைத்திருந்தது. அந்த மாறியை நீக்கிவிட்டு டெர்மினலை மூடித் திறந்தேன், சரியானது. மூன்று நாள் தேடியதற்கு ஒரு வரித் தீர்வு.

கண்டியிலிருந்து

கம்பஸ் கணினியில் எதையும் ஏற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே இணையத்திலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாப்பில்தான் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏற்ற வேண்டும், அமர்வு முடிந்தால் கோப்புகளும் போய்விடும். முடிவுகளை உடனுக்குடன் டிரைவில் சேமிப்பது முக்கியம். இலங்கை முழுவதும் 44-க்குள் அடங்குவதால் அந்த 78 டிகிரித் தொல்லை எங்களுக்கு இல்லை. ஆனால் நில அளவைத் திணைக்களத்தின் தரவு எஸ்.எல்.டி. 99 என்ற இலங்கையின் சொந்த ஆயத்தொலைக் கட்டமைப்பில் வரும். மகாவலியின் கிளையாறு ஒன்றை அதோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவே இல்லை. அதையும் யு.டி.எம்.முக்கு மாற்றிய பிறகுதான் கோடுகள் பொருந்தின.

லேண்ட்லேப் பக்கம்

நான் பயன்படுத்துவது லேண்ட்லேப் என்ற பைத்தான் பேக்கேஜ், இதுவும் நிலப்பரப்பைக் கணக்கிடத்தான். இன்ஸ்டாலில் சிக்கலே வரவில்லை. ஆனால் தரவில்லாத செல்களுக்கு (உயரக் கட்டங்களுக்கு) -9999 என்று இருந்ததை, கணக்கில் சேராதபடி மூடச் சொல்ல மறந்துவிட்டேன். கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் ஆழக் குழி என்று அதை எடுத்துக்கொண்டு, விளிம்பில் இருந்த ஓடையெல்லாம் அதற்குள் பாய்ந்தது. தரவில்லாத செல்களை முதலிலேயே மூடிவிடுங்கள்.

தொப்பூர்க்காரரே, நீர்த்தேக்கத்துக்குள் உங்கள் ஆறு எப்படி வந்தது?

தொப்பூர்க்காரன்

ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்க்கோடாக வந்தது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. 2000-இல் ரேடார் பார்த்தது தண்ணீரின் மேல்பரப்பைத்தான், அடியில் கிடக்கும் பழைய ஆற்றுப்படுகையை அல்ல. தட்டையான இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நிரல் தானாக ஒரு வழி போட்டுக்கொள்கிறது. அதனால் நீர்த்தேக்கம் தொடங்கும் இடத்தோடு நெடுக்குவெட்டை வெட்டிவிட்டேன். அதற்கு மேலே மலையடிவாரத்தில் சரிவு சட்டென்று மாறுவதாகக் காட்டும் ஓர் இடம் இருக்கிறது. வரும் ஞாயிறு ஜி.பி.எஸ்.ஸோடு அங்கே போகிறேன். போய் வந்து படத்தோடு எழுதுகிறேன்.