பிராண்டுப் பையின் போலி (காப்பி): வாங்குவது தப்பா, வாங்கியவரைச் சொல்லிக்காட்டுவது தப்பா?

நிலாமுற்றம் கேட்டது:

யாராவது புதுப் பையோடு படம் போட்டால் போதும், "ஃபர்ஸ்ட் காப்பி மாதிரி இருக்கே" என்று கீழே ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். இரண்டு சந்தேகம். போலி என்று தெரிந்தே ஒருவர் வாங்கினால் உண்மையில் யாருக்கு நஷ்டம்? படத்தை வைத்துப் போலி என்று சொல்ல முடியுமா, முடிந்தாலும் சொல்லலாமா? உபதேசம் வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஊசிநூல்:

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், அபத்தம் அதிகம் அங்கேதான். படம் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் காட்டும் "ஆதாரங்கள்" பல நேரம் அசல் பையின் அடையாளங்கள். விலையுயர்ந்த பைகளுக்குப் பேர்போன பிரெஞ்சு நிறுவனம் லூயி விட்டான்; அதன் வழக்கமான ஸ்பீடி மாடல் பையில் பின்பக்கம் எல்வி எழுத்து தலைகீழாக இருக்கும். உடனே "மாட்டிக்கிச்சு" என்பார்கள். முன்பக்கம், அடி, பின்பக்கம் மூன்றும் வெட்டாத ஒரே துண்டு. அடியில் மடிந்து மேலேறும்போது எழுத்து கவிழத்தானே செய்யும்?

"உள்ளே டேட் கோட் இல்லை" என்பது இன்னொன்று; உள்ளே பொறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறி அது. 2021 மார்ச்சிலிருந்து அதை நிறுத்திவிட்டு உள்ளே சிப் வைக்கிறார்கள். அதற்கு முன்பும் அது வரிசை எண் கிடையாது. எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று மட்டும் சொல்லும், ஒரே கோட் பல பைகளில் இருக்கும். "மேட் இன் யுஎஸ்ஏ போட்டிருக்கு" என்பார்கள். அமெரிக்காவிலும் அவர்களுக்குப் பட்டறை உண்டு. "தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்பார்கள். மோனோகிராம் (எல்வி எழுத்தும் பூவும் மாறிமாறி வரும் அச்சு) பையின் உடல் பூச்சுப் போட்ட கேன்வாஸ், பல மாடல்களில் கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டுமே தோல். உண்மையில் சந்தேகப்பட வேண்டியது "அசல்தான், அட்டை இருக்கு" என்று நீட்டும்போது. விட்டானும் இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸும் அப்படிச் சான்று அட்டை கொடுப்பதில்லை.

கையில் எடுத்தால் கொஞ்சம் பிடிபடும். சாயம் ஏற்றாத கைப்பிடித் தோல் வெயிலும் வியர்வையும் பட்டுத் தேன்நிறத்துக்கு வரும்; மேல்பூச்சு அடித்த மலிவுத் தோல் நிறம் மாறாமல் கிடந்து அழுக்கு மட்டும் ஏறும். ஓரச் சாயத்தைத் தடிமனாக ஒரே பூச்சில் முடித்திருந்தால் மடிப்பில் வெடிக்கும். பியு தோல் (பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல்) என்றால் காற்றின் ஈரமே பாலியூரித்தேனைச் சிதைக்கும், அலமாரியில் சும்மா வைத்தாலும் சில வருடங்களில் செதிலாக உரியும். ஆனால் உயர்ரகக் காப்பியில் நிஜத் தோல், பித்தளை, இரட்டை ஊசிக் கைத்தையல் எல்லாமே வரலாம். பையைக் கையில் வைத்துப் பார்ப்பவர்களே அங்கே தடுமாறுகிறார்கள். போன் படத்தை வைத்து நீங்கள் என்ன சொல்லிவிட முடியும்?

கடலோரம்:

யாருக்கு நஷ்டம் என்பதற்கு வருகிறேன். காப்பி வாங்குகிறவர்களில் பலர் அசலை வாங்கியிருக்கவே மாட்டார்கள், ஆகவே "ஒரு விற்பனை போச்சு" என்ற கணக்கு நிற்காது. விட்டானின் அந்த எல்வி மோனோகிராம் பிறந்ததே காப்பிக்காரர்களோடு மல்லுக்கட்டித்தான்: கோடு போட்ட துணியை எல்லோரும் நகலெடுத்ததால் 1888இல் டேமியே என்ற சதுரங்கக் கட்டம், அதையும் நகலெடுத்ததால் 1896இல் ஜார்ஜ் விட்டானின் மோனோகிராம். கம்பெனி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

நஷ்டம் விழுவது பட்டறையில். 2019இல் உலக வணிகத்தில் போலிப் பொருள்களின் அளவு 464 பில்லியன் டாலர் வரை, அதாவது சுமார் 2.5 சதவீதம், என்று ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) மதிப்பிட்டது. இதில் தைத்தவருக்கு என்ன கூலி, பசையிலும் சாயத்திலும் என்ன ரசாயனம் என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. இத்தாலியில் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விழலாம். பிரான்ஸில் கையில் வைத்திருப்பதே சுங்கக் குற்றம். அமெரிக்கச் சுங்கம் பயணியோடு வரும் ஒன்றை, சொந்த உபயோகத்துக்கு என்றால், 30 நாளுக்கு ஒருமுறை விட்டுவிடும். தபாலில் வரவழைத்தால் அந்தச் சலுகை இல்லை. சின்னம் இல்லாமல் சாயல் மட்டும் இருக்கும் பை பெரும்பாலும் இந்த வம்பில் வராது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், எர்மேஸின் பிர்கின் பைக்கு அதன் வடிவமே பதிவுபெற்ற அடையாளம்.

தராசுமுள்:

பட்டறை பற்றிப் பேசினால் அசலையும் பேசுங்கள். பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவை 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் தன் மேற்பார்வையில் கொண்டுவந்ததே? 2,600 யூரோவுக்கு விற்கும் பைக்கு, தோல் முதலான பொருள்செலவு நீங்கலாக, துணை ஒப்பந்தப் பட்டறைக்குப் போனது 53 யூரோ. பட்டறையிலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள். இதில் யார் யாரை ஒழுக்கம் கேட்பது?

கடலோரம்:

நியாயமான அடி. ஆனால் அந்த 53 வெளியே வந்ததே பில்லும் ஒப்பந்தமும் இருந்ததால்தான். 2025 பிப்ரவரியில் அந்த மேற்பார்வை விலகியதும், நிறுவனம் ஒப்பந்தக்காரர்களைக் கண்காணிக்கும் முறையை மாற்றிய பிறகே. காப்பிப் பட்டறைமேல் வழக்குப் போட முகவரியே கிடைக்காது. "அசலும் அயோக்கியம்" என்பது இரண்டையும் வாங்காமலிருக்கக் காரணமாகலாம், காப்பி வாங்கக் காரணமாகாது.

நிலாமுற்றம்:

சரி. ஏற்கெனவே கையில் இருக்கும் காப்பியை என்ன செய்வது? தோழி ஒருத்தி அசல் என்று நம்பி ஏமாந்திருந்தால் சொல்வதா?

ஊசிநூல்:

காப்பியைக் கிழியும்வரை நீங்களே பயன்படுத்துங்கள். தெரிந்துகொண்டே அசல் என்று விற்றால் அது நேரடி மோசடி. தானமாகக் கொடுப்பதென்றால் நிறுவனச் சின்னம் உள்ள தகட்டைக் கழற்றி, உள் முத்திரையை வெட்டிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கை மாறியதும் யாரோ அசல் விலை கொடுப்பார்.

தோழியிடம் சொல்வது, விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கவோ, கார்டு மூலம் கட்டியிருந்தால் வங்கியில் முறையிடவோ இன்னும் கெடு இருக்கும்போது மட்டும். அதுவும் தனியாக. "போலி" என்று ஆரம்பிக்காமல், "கெடு முடிவதற்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளேன்" என்றால் போதும். கெடு முடிந்து, அவள் அதை விற்கவும் போவதில்லை என்றால் பேசாமலிருங்கள்.