ஒன்பது வயசு பொண்ணுக்கு சிலோன் கதையை எப்படி சொல்றது?

குன்னூர்க்காரி:
வணக்கம். என் மக போன வாரம் ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூட கழட்டாம "அம்மா நாம சிலோன்காரங்களா, அப்ப ஏன் இங்க இருக்கோம்"னு கேட்டா, கூட படிக்கிற பையன் யாரோ சொல்லியிருக்கான். எங்கம்மா 1972ல ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து வந்தவங்க, அப்ப 14 வயசு, முதல்ல ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் கேம்ப், அப்புறம் கோத்தகிரில டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது வரிசை வீடு. எனக்கே முழுசா சொன்னதில்ல. 1948ல அங்க தோட்டத் தமிழருக்கு குடியுரிமை போனது, அப்புறம் அவங்கள ரெண்டு நாடும் பிரிச்சுக்கிட்ட சாஸ்திரி ஒப்பந்தம் இதெல்லாம் இந்த வயசுல சொல்லலாமா? மனசு நொந்துடுமோன்னு பயமா இருக்கு.

மலை டீச்சர்:
ஒப்பந்தத்துல ஆரம்பிக்காதீங்க சிஸ்டர். நான் எட்டாம் கிளாஸ்ல 1964, 5,25,000 பேர்னு போர்டுல எழுதினேன், பிள்ளைங்க காப்பி பண்ணிக்கிட்டாங்க அவ்வளவுதான். மறுநாள் ஒருத்தன் பாட்டியோட பழைய பாஸ்போர்ட்ட கொண்டு வந்தான், கிளாஸே அவன் டெஸ்க்க சுத்தி நின்னுச்சு. இதுல பெரிய தாத்தா பேர் ஏன் இல்லன்னு ஒரு பொண்ணு கேட்டா, அவர் அங்கயே தங்கிட்டாராம். அப்பதான் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3 லட்சம், மிச்சம் ஒன்றரை லட்சம் பேர அப்புறம் பாத்துக்கலாம்னு ரெண்டு கவர்மெண்ட்டும் பேசி முடிச்சத சொன்னேன். "மனுஷங்கள பங்கு போட்டாங்களா மிஸ்"னு கேட்டான் அந்த பையன்.

லயத்துப் பேரன்:
ஒண்ணு மட்டும், பாட்டிய உக்கார வச்சு பேட்டி எடுக்காதீங்க. நான் போன்ல ரெக்கார்ட் போட்டு எங்க அம்மாயி முன்னாடி வச்சேன், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல சாமி"ன்னு எந்திரிச்சு போயிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு சம்பலுக்கு தேங்கா துருவிக்கிட்டே தானா பேசுனாங்க, தலைமன்னார் போற ரயிலுக்கு ஒப்பாரி கோச்சின்னுதான் பேராம், வண்டி நகர்ந்தப்புறமும் ஜன்னல்ல புடிச்ச கைய அவங்க கூட்டாளி விடலயாம். துருவுறத நிறுத்தவே இல்ல, பேச்ச மட்டும் நிறுத்திட்டாங்க. நானும் கேக்கல.

பசுமலை:
அழுகையோட மட்டும் நிறுத்திடாதீங்க. நம்ம ஆளுங்க திருச்சி, சேலம், புதுக்கோட்டை பக்கம் இருந்து முதல்ல சிலோன் காப்பி தோட்டத்துக்கு போனவங்க, மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேர். காப்பிய நோய் அழிச்சதும் அதே கைதான் தேயிலை போட்டுச்சு. சர்க்கார் பேப்பர்ல "தாயகம் திரும்பியோர்"னு இருக்கும், ஆனா உங்கம்மா பொறந்ததே அங்கதானே, பாக்காத ஊருக்கு எப்படி திரும்புறது? இத பாப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க, கண்டிப்பா புரியும். அந்த பையன் சொன்னத அவ டீச்சர் காதுலயும் போடுங்க.

குன்னூர்க்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நான் எதுவும் கேக்கல, தேயிலைக் கொழுந்து கூடைய எப்படி பாட்டி மாட்டுவீங்கன்னு என் மகளே கேட்டா. அம்மா ஒரு துண்ட மடிச்சு அவ தலையில வச்சு ஸ்கூல் பை வார அதுமேல மாட்டி விட்டாங்க. வீடு பூரா அப்படியே சுத்துனா. எத்தனை கிலோ, மழையிலயுமா, அட்டை கடிக்காதான்னு கேள்வி மேல கேள்வி, அம்மாவும் ராத்திரி பத்து மணி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பாதி எனக்கே புதுசு.