துணையின் துரோகம் தெரியவந்த இரவு: உங்கள் அனுபவம்

மஞ்சக்குப்பம் அக்கா:
தங்கையின் கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு. சண்டை, சமாதானம், "குழந்தைக்காகப் பொறுத்துப் போ" என்ற பெரியவர்களின் உபதேசம், எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். என்னை இன்னும் விடாதது அதன்பின் வந்த ஒரு போன். அதுவரை அழுதுகொண்டே இருந்தவள், அன்று இரவு நிதானமான குரலில், "அக்கா, பாப்பாவை நீ வளர்ப்பாய் அல்லவா?" என்றாள். அந்த நிதானம்தான் என்னை உலுக்கியது. "செத்துவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்டேன். "ஆமாம்" என்றாள். பேச்சை நிறுத்தாமலே ஆட்டோ பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் போய்ச் சேர்ந்தேன். விடியும்வரை அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்திலேயே இருந்தேன்.

பாகூர்க்காரன்:
பெரியவர்கள் எல்லாரும் அப்படி இல்லை, அக்கா. எனக்குத் துரோகம் செய்தவள் என் மனைவி. அவளைப் பெற்றவர்தான் அன்று பாயோடு வந்து என் அறை வாசலில் விரித்தார். "மாப்பிள்ளை, நீங்கள் வெளியே போவதென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்றார். மகளுக்காக ஒரு சொல் பரிந்து பேசவில்லை. நான் உயிரோடு இருப்பது அவரால். ஆனால் உங்கள் தங்கை கணவரைச் சும்மா விடாதீர்கள், போலீசில் புகார் கொடுங்கள்.

வில்லியனூர் வாசகி:
புகார் கொடுத்துப் பயனில்லை. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கு மட்டும் அது காரணமாகும். எங்கள் தெருவில் தற்கொலைக்கு முயன்ற ஒரு பெண்ணை, போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதித்தார்கள். நல்லவேளை, பிழைத்தாள். தயவுசெய்து யாரும் அப்படித் தாமதிக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. வேறாக நிரூபிக்கப்படாதவரை தண்டனை இல்லை. அக்கா கேட்டதுபோல நேராகக் கேட்பதே சரி, கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் உடனே 108.

மஞ்சக்குப்பம் அக்கா:
மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறாள். விவாகரத்தா, சேர்ந்து வாழ்வதா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரப்படுத்தும் உறவினர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.